குளிர்காலத்து விறகைப் பத்தி ஏன் ஏப்ரல் மாசமே யோசிக்கணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கி, ஒழுங்குபடுத்தப்பட்டது.)

இன்னைக்கு நாம பேசப்போற விஷயம் விறகு. கேஸ் சிலிண்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் இருக்குற நமக்கு இது எதுக்குன்னு தோணலாம். ஒரு சின்ன சம்பவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், கேளுங்க.

2013 பிப்ரவரி 15, ஒரு வெள்ளிக்கிழமை. நார்வே நாட்டின் பொதுத் தொலைக்காட்சியான என்ஆர்கே ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘தேசிய விறகு மாலை’. மொத்தம் 12 மணி நேரம். முதல் நாலு மணி நேரம் விறகு வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது பற்றிய பேச்சு. மீதி எட்டு மணி நேரம் ஒரு கணப்பு அடுப்பில் விறகு எரிவதை நேரலையில் காட்டினார்கள். ஆமாங்க, அவ்வளவுதான் நிகழ்ச்சி. அன்றைக்குச் சுமார் 50 லட்சம் பேர் இருந்த நாட்டில், பத்து லட்சத்தை நெருங்கும் அளவுக்கு மக்கள் ஏதோ ஒரு நேரத்தில் அதைப் பார்த்தார்கள்.

நிகழ்ச்சி ஓடும்போதே எஸ்எம்எஸ்ஸில் புகார்களும் வந்தன. என்ன புகார்? விறகை அடுக்கும்போது மரப்பட்டை மேலே பார்க்கணுமா, கீழே பார்க்கணுமா என்பதுதான் சண்டை. பாதிப் பேர் ‘பட்டை மேலே இருக்கு, தப்பு’ என்றார்கள். மீதிப் பேர் ‘பட்டை கீழே இருக்கு, தப்பு’ என்றார்கள்.

இந்த நிகழ்ச்சிக்கு அடிப்படை, லார்ஸ் மிட்டிங் என்ற எழுத்தாளர் 2011-ல் வெளியிட்ட ஒரு புத்தகம். முழுக்க முழுக்க விறகு பற்றியது. நார்வேயில் அது பெரிய அளவில் விற்றது. ஆங்கிலத்தில் வந்தபோது, 2016-ல் பிரிட்டனில் அந்த ஆண்டின் சிறந்த புனைவல்லாத நூலுக்கான விருதும் வாங்கியது. அதன் நார்வீஜிய தலைப்புக்கு நேர் பொருள் ‘முழு மரம்’. நம்பகமான, உறுதியான ஆளைச் சொல்லவும் அங்கே அதே சொல்லைப் பயன்படுத்துவார்கள்.

சரி, விறகை அடுக்குறதுல அப்படி என்னதான் இருக்கு? வெளியிலிருந்து பார்த்தால் அது சேமிப்பு மாதிரி தெரியும், அரிசி மூட்டையை அடுக்கி வைப்பது போல. உண்மையில் வீட்டுக்கு வெளியே நிற்கும் விறகு அடுக்கு ஒரு உலர்த்தும் இயந்திரம். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை, காற்றும் வெயிலும்தான். அதைச் சரியாகக் கட்டினால் குளிர்காலத்தில் வீடு சூடாகும். தப்பாகக் கட்டினால் புகை, புகைபோக்கிக்குள் தார், சில நேரம் தீ விபத்து வரைக்கும் போகும். இந்த எபிசோடு அந்த இயந்திரத்தைப் பத்தித்தான்.

கரண்ட் இருக்கும்போது விறகு எதுக்கு?

நார்வே எண்ணெயும் எரிவாயுவும் விற்றுப் பணக்காரர் ஆன நாடு. ஆனால் உள்நாட்டு மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு அருவிகளிலும் அணைகளிலும் தயாராகும் நீர்மின்சாரம். வீட்டுச் சூட்டுக்கும் பெரும்பாலும் அதே மின்சாரம்தான். அங்கேதான் சிக்கலும் இருக்கு. வெளியே மைனஸ் 20 டிகிரி குளிரும் நாளில் எல்லா வீட்டு ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடும். மின்கட்டணம் ஏறும். பனிப்புயலில் கம்பி அறுந்தால் ஹீட்டர் மொத்தமாக நின்றுவிடும். நம்ம ஊரில் கரண்ட் போனால் வியர்க்கும், கொசு கடிக்கும். அங்கே கரண்ட் போனால் சில மணி நேரத்தில் வீடே குளிர்ந்துபோய், தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கக்கூடும்.

அதனால்தான் வரவேற்பறையில் ஒரு இரும்பு விறகு அடுப்பு என்பது அங்கே பலருக்கு அலங்காரம் மட்டும் இல்லை. அவசர காலத்துக்கு வீட்டில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்று அரசு சொல்லும் பட்டியலில், குடிதண்ணீர், உணவோடு மின்சாரம் இல்லாமல் வீட்டைச் சூடாக்க ஒரு வழியும் இடம்பெறுகிறது. விறகு அடுப்பு உள்ள வீட்டுக்கு அந்த வழி விறகுதான்.

ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. அந்த விறகு காய்ந்திருக்கணும். குளிர் வந்த பிறகு ‘ஐயோ, விறகு ஈரமா இருக்கே’ன்னு கண்டுபிடிச்சா, அந்த வருஷத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

விறகுக்குள்ளே எவ்வளவு தண்ணி?

இதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை. உயிரோடு நிற்கும் மரத்தை வெட்டினால், அதன் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். மர வகையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். அதாவது அன்றைக்கு வெட்டிய விறகை ஒரு கூடையில் 10 கிலோ எடுத்து வந்தால், சுமார் 5 கிலோ மரமும் 5 லிட்டர் தண்ணீரும் தூக்கிட்டு வர்றீங்க.

அடுப்பில் போட்டதும் முதல் வேலையாக அந்தத் தண்ணீர் ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரைச் சூடாக்கி முழுசாக ஆவியாக்க ஏறத்தாழ 0.7 யூனிட் ஆற்றல் தேவை. யூனிட் என்றால் நம்ம கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். அப்படியானால் 5 லிட்டருக்கு மூன்றரை யூனிட். அதே கூடையிலிருக்கும் 5 கிலோ மரத்தில் மொத்தம் சுமார் 26 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஏழில் ஒரு பங்கு போல, தண்ணியைக் கொதிக்க வைக்கவே போய்விடுகிறது.

‘ஏழில் ஒண்ணுதானே, பரவாயில்லை’ன்னு நினைக்கலாம். உண்மையான நஷ்டம் அங்கே இல்லை.

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடு ஏறும்போது மரம் சிதைந்து வாயுக்களை வெளியிடும். நீங்க பார்க்குற அந்த மஞ்சள் சுவாலை, அந்த வாயுக்கள் எரிவதுதான். விறகின் ஆற்றலில் பெரும்பகுதி அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அவை முழுசாக எரிய அடுப்புக்குள் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். ஈர விறகில் ஆவியாகும் தண்ணீர் அந்த வெப்பத்தைக் கீழே இழுத்துவிடும். அப்போது வாயுக்கள் எரியாமலே புகையாகப் புகைபோக்கி வழியே போகும். உங்களுக்குச் சூடும் இல்லை, பக்கத்து வீட்டுக்குப் புகை மட்டும் மிச்சம்.

கிராமத்தில் மழைக்காலத்து அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஊதாங்குழலை வைத்து ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரியும், பாத்திரம் மட்டும் சூடாகாது. அதுக்காகத்தான் அடுப்புக்கு மேலே பரணில் விறகை அடுக்கி, அந்தச் சூட்டிலேயே காயவைத்தார்கள். இயற்பியல் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

புகைபோக்கிக்குள் நடப்பது

எரியாத புகை மேலே போகும்போது, குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் பட்டு உறைகிறது. கருப்பாக, பிசுபிசுப்பாக, தார் மாதிரி படியும். இதுக்குப் பேர் கிரியோசோட். நாளாக ஆக அது கெட்டியாகி, கண்ணாடி போலப் பளபளக்கும் பூச்சாக மாறும். பிரச்சினை என்னன்னா, அது எரியக்கூடிய பொருள். ஒருநாள் அடுப்பு நன்றாக எரியும்போது தீப்பொறி மேலே போய் அதைப் பற்றவைத்தால், புகைபோக்கிக்குள்ளேயே தீ பிடிக்கும். வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டலாம். செங்கல் விரிசல் விடும். பக்கத்திலுள்ள மர உத்திரத்துக்குத் தீ பரவலாம். மர வீடுகள் நிறைய இருக்கும் நாடுகளில் இது எவ்வளவு ஆபத்துன்னு யோசிச்சுப் பாருங்க.

ஆக, காய்ந்த விறகு என்பது வசதி மட்டும் இல்லை, பாதுகாப்பும் கூட. பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு: விறகின் ஈரம் 20 சதவீதம் அல்லது அதுக்குக் கீழே.

தண்ணி எந்த வழியா வெளியே போகும்?

மரம் என்பது நீளவாக்கில் கட்டி வைத்த கோடிக்கணக்கான நுண்குழாய்கள். வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் அந்தக் குழாய்கள். மரத்தை வெட்டிய பிறகும் தண்ணீர் அதே வழியில்தான் எளிதாக நகரும். பக்கவாட்டில் போவதைவிட நீளவாக்கில், அதாவது வெட்டுமுனை வழியாக, ஈரம் 10 முதல் 15 மடங்கு வேகமாக வெளியேறும்.

இதிலிருந்து ரெண்டு விஷயம் தெளிவாகுது. முதலாவது, விறகைக் குட்டையாக வெட்டணும். நார்வேயில் 30 சென்டிமீட்டர் துண்டுகள் ரொம்ப சகஜம். துண்டு எவ்வளவு குட்டையோ, தண்ணி போக வேண்டிய தூரமும் அவ்வளவு குறைவு. இரண்டாவது, அடுக்கும்போது வெட்டுமுனைகள் காற்று வரும் பக்கம் பார்க்க வேண்டும்.

அப்புறம் பட்டை. மரத்துக்கு அது ரெயின்கோட் மாதிரி. வெளியேயிருந்து தண்ணியை உள்ளே விடாது, உள்ளே இருப்பதையும் வெளியே விடாது. நார்வேக்காரர்களுக்குப் பிடித்த விறகு பிர்ச் மரம். வெள்ளைப் பட்டை இருக்குமே, அதுதான். அந்தப் பட்டை கிட்டத்தட்ட தண்ணீரே புகாதது. பழைய காலத்தில் கூரைக்குக் கீழே நீர்த்தடுப்பாகவே அதை விரித்தார்கள். பிர்ச் கட்டையைப் பிளக்காமல் அப்படியே போட்டுவைத்தால், வெளியே பட்டை அழகாக இருக்கும், உள்ளே மரம் உளுத்துப் போயிருக்கும். அதனால் வெட்டியதும் சீக்கிரமே பிளந்துவிட வேண்டும். பச்சையாக இருக்கும்போது பிளப்பதும் பெரும்பாலும் சுலபம்.

ரேக் கட்டும்போது கவனிக்க வேண்டியவை

இப்போ முக்கியமான பகுதிக்கு வருவோம். நல்ல விறகு ரேக் எப்படி இருக்கும்? கீழே சொல்லப்போகும் எல்லா விதிகளும் ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவைதான்: காற்று இதுக்குள்ளே புகுந்து வெளியே போக முடியுமா?

முதலில் அடிப்பகுதி. விறகு மண்ணைத் தொடக் கூடாது. தொட்டால் மண்ணின் ஈரம் மேலே ஏறும், பூஞ்சணம் வரும், பூச்சி வரும், கீழ் வரிசை முழுக்க வீணாகும். 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் ரெண்டு மரச்சட்டங்கள் போட்டாலே போதும். சரக்கு லாரியில் வரும் பழைய மரப் பேலட்டும் நல்லாவே வேலை செய்யும், அதன் இடைவெளிகள் வழியாகக் கீழேயிருந்தும் காற்று வரும்.

அடுத்தது அகலம். ஒரே வரிசை சிறந்தது. இடம் இல்லைன்னு மூணு நாலு வரிசையை ஒட்டி ஒட்டி அடுக்கினால், நடுவில் மாட்டிக்கொண்ட விறகு காயவே காயாது. ரெண்டு வரிசை வைத்தே ஆகணும்னா நடுவில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விடுங்க. துண்டுகளுக்கு இடையேயும் இறுக்கம் வேண்டாம். ஒரு எலி ஓடிப்போகலாம், துரத்துற பூனை மாட்டிக்கணும் என்று குளிர்நாட்டு விறகுக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த அளவு சந்து இருந்தால் சரி.

மூணாவது கூரை. பெரும்பாலானவர்கள் தப்பு செய்வது இங்கேதான். மழை வருதேன்னு ஒரு பெரிய தார்ப்பாயை எடுத்து, மேலிருந்து தரை வரைக்கும் போர்த்திக் கட்டிவிடுவார்கள். விறகிலிருந்து வெளியேறும் ஈரம் தார்ப்பாய்க்குள்ளேயே ஆவியாகி, இரவில் குளிர்ந்து, திரும்ப விறகின்மேலேயே சொட்டும். கொஞ்ச நாளில் திறந்தால் பூஞ்சண வாடைதான் அடிக்கும். மேற்பகுதியை மட்டும் மூடுங்க. தகரமோ பலகையோ, கொஞ்சம் சாய்வாக, விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். நாலு பக்கமும் திறந்தே இருக்கணும். சாரல் அடித்து ஓரம் நனைந்தால் கவலைப்பட வேண்டாம், மேற்பரப்பில் பட்ட மழை ஒரு நாள் காற்றில் காய்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரம்தான் எதிரி.

நாலாவது இடம். வெயில் நல்லது, காற்று அதைவிட நல்லது. நிழலான ஆனால் காற்றோட்டமுள்ள இடம், காற்று வராத வெயில் மூலையைவிடப் பரவாயில்லை. வீட்டுச் சுவரில் ஒட்டி அடுக்கவே கூடாது. பின்பக்கம் காற்று போகாது, சுவரிலும் ஈரம் ஏறும். வீடு மரத்தால் ஆனது என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு: அந்த விறகில் தீப்பிடித்தால் அது நேராகச் சுவருக்குத் தாவும். பெரிய அடுக்கை வீட்டிலிருந்து தள்ளி வைப்பதே பாதுகாப்பு.

ஐந்தாவது உறுதி. விறகு காயக் காயச் சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. வெயில் படும் பக்கம் சீக்கிரம் காயும். அதனால் மே மாசம் நேராக நின்ற அடுக்கு, ஆகஸ்டில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ரேக்கின் ரெண்டு முனையிலும் உறுதியான தாங்கு கம்பமோ, இல்லைன்னா குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி அடுக்கிய விறகுத் தூணோ வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடமாக இருந்தால் இடுப்பு உயரத்துக்கு மேல் போகாதீங்க. சரிந்தால் கால் மாட்டும்.

சரி, அந்த எஸ்எம்எஸ் சண்டைக்கு என்ன தீர்ப்பு? மேலே கூரை இருந்தால் பட்டை எந்தப் பக்கம் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கூரையே இல்லாத அடுக்கு என்றால், மேல் வரிசையில் மட்டும் பட்டையை மேலே வைங்க. ஓடு மாதிரி மழையை வழித்து விட்டுவிடும். பட்டையைவிடக் காற்றும் கூரையும்தான் முக்கியம்.

காலண்டர் தான் உண்மையான கருவி

இப்போ தலைப்புக்கு வருவோம். ஏன் ஏப்ரல்?

நார்வேயில் வழக்கமான கணக்கு இப்படி: குளிர்காலக் கடைசியில் மரத்தை வெட்டுவார்கள். தரை உறைந்து கிடப்பதால் கட்டைகளைப் பனிமேல் இழுத்து வருவது எளிது. ஈஸ்டர் பண்டிகையை ஒட்டிப் பிளந்து அடுக்கிவிடுவார்கள். ஏன்னா, ஏப்ரல், மே, ஜூன் மாசங்களில் அங்கே பல பகுதிகளில் காற்று வறண்டு இருக்கும், பகலும் நீளம். அந்த மூணு மாசம்தான் காய்ச்சலின் உச்சம். அதை விட்டுட்டு ஆகஸ்டில் அடுக்கினால், இலையுதிர்கால மழையும் பனிமூட்டமும் வந்துவிடும். குளிர்ந்த காற்றால் ஈரத்தை ரொம்பக் கொஞ்சமாகத்தான் தாங்க முடியும், அதனால் குளிர்காலத்தில் விறகு காய்வது கிட்டத்தட்ட நின்றே போகும்.

அளவு புரிய ஒரு கணக்கு. நார்வேயில் விறகுக்கு ‘ஃபவ்ன்’ என்று ஒரு பழைய அளவு உண்டு. 60 சென்டிமீட்டர் விறகை 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் ஒரு ஃபவ்ன், மொத்தம் 2.4 கன மீட்டர். பச்சை பிர்ச் விறகு ஒரு ஃபவ்ன் இருந்தால், அது 20 சதவீத ஈரத்துக்கு வர தோராயமாக 400 லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டும். நம்ம 20 லிட்டர் வாட்டர் கேன் கணக்கில் 20 கேன். அத்தனையும் ஒரு சத்தமும் இல்லாமல் ரேக்கிலிருந்து காற்றோடு போகணும். அதுக்கு ஒரு முழுக் கோடைக்காலம் வேண்டாமா?

மரத்துக்கு மரம் இது மாறும். மெல்லிசாகப் பிளந்த ஸ்ப்ரூஸ், பிர்ச் போன்றவை நல்ல கோடையில் ஒரே பருவத்தில் தயாராகலாம். ஓக் மாதிரி அடர்த்தியான மரத்துக்கு ரெண்டு வருஷம் வரை ஆகும். அதனால் அனுபவசாலிகள் ரெண்டு ரேக் வைத்திருப்பார்கள்: ஒன்று இந்த வருஷத்துக்கு, இன்னொன்று அடுத்த வருஷத்துக்கு.

ஒரு அழகான பழைய உத்தியும் இருக்கு. வசந்தத்தில் துளிர் விட்ட மரத்தை வெட்டி, கிளைகளை வெட்டாமல் அப்படியே சில வாரம் போட்டுவிடுவது. இலைகளுக்கு மரம் வெட்டுப்பட்டது தெரியாது. வழக்கம்போல அடிமரத்திலிருந்து தண்ணியை இழுத்து ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். இலை வாடிக் காய்ந்ததும் துண்டு போட ஆரம்பிப்பார்கள். மரத்தின் சொந்த பம்ப்பை வைத்தே மரத்தைக் காயவைக்கிற வேலை இது.

அப்போ, எத்தனை வருஷம் வேணும்னாலும் வைக்கலாமா? வெளியே வைத்த விறகு எப்போதும் பூஜ்ய ஈரத்துக்கு வராது. சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு ஒரு சமநிலைக்கு வந்து, 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றுவிடும். அதுவே போதும். அதுக்குமேல் பல வருஷம் வைத்தால் பூச்சியும் பூஞ்சையும்தான் லாபம் பார்க்கும்.

காய்ஞ்சிருச்சான்னு எப்படித் தெரியும்?

சுலபமான வழி, ஈரம் அளக்கும் மீட்டர். ரெண்டு ஊசி இருக்கும், மரத்தில் குத்தினால் எண் காட்டும். ஆனா வெளிப்பக்கம் குத்தாதீங்க, அது எப்பவும் உள்பக்கத்தைவிடக் காய்ந்திருக்கும். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, புதுசாகப் பிளந்து, அந்தப் புது முகத்தின் மையத்தில் குத்துங்க.

மீட்டர் இல்லைன்னா? ரெண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்க. காய்ந்திருந்தால் ‘டங்’கென்று கணீர்னு கேட்கும். ஈரமாக இருந்தால் ‘தொப்’பென்று மந்தமாக இருக்கும். காய்ந்த விறகு தூக்கும்போதே லேசாகத் தெரியும். வெட்டுமுனையில் விரிசல்கள் ஓடும், நிறம் மங்கும். ஆனால் விரிசலை மட்டும் நம்ப வேண்டாம், உள்ளே இன்னும் ஈரம் இருக்கலாம். பிர்ச் விறகுக்கு ஒரு வேடிக்கையான சோதனையும் உண்டு. ஒரு முனையில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, மறுமுனையில் வாயை வைத்து ஊதணும். காய்ந்திருந்தால் சோப்பு முனையில் குமிழ் வரும். நாம சொன்ன அந்த நுண்குழாய்கள் காலியாகிவிட்டன என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் சாட்சி.

விறகு வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுக்கிய ஒரு கன மீட்டரும், லாரியில் அப்படியே கொட்டிய ஒரு கன மீட்டரும் ஒன்றல்ல. கொட்டியதில் காற்று அதிகம், விறகு குறைவு. அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘கார்டு’ என்ற அளவு இருக்கு: 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், அடுக்கிய நிலையில் 128 கன அடி. அதிலேயே 16 அங்குல விறகை ஒரே வரிசையாக அடுக்கி ‘ஃபேஸ் கார்டு’ என்று விற்பதும் உண்டு. அது முழுக் கார்டில் மூன்றில் ஒரு பங்குதான். விலை கேட்கும்போது எந்த அளவுன்னு கேட்காமல் பணம் கொடுக்காதீங்க.

பக்கத்து வீட்டுக்காரர் நுரையீரல்

இதுவரைக்கும் உங்க வீட்டுச் சூட்டைப் பத்திப் பேசினோம். ஆனா புகை உங்க வேலியோடு நிற்காது.

விறகுப் புகையில் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்கள் இருக்கின்றன. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சின்னது. நுரையீரலின் ஆழம் வரை போகும், இதயத்தையும் பாதிக்கும். டெல்லி குளிர்காலச் செய்திகளில் நாம அடிக்கடி கேட்குற அதே துகள்தான். நார்வேயிலும் குளிர்கால நுண்துகள் மாசுக்கு விறகு அடுப்பு ஒரு முக்கியக் காரணம். நிறைய பேர் ரசிக்கும் அந்த விறகு மணத்துக்கு இப்படி ஒரு இன்னொரு முகம் இருக்கு.

அதனால் அரசுகள் தலையிடுகின்றன. நார்வேயில் 1998 முதல் விற்கப்படும் புது அடுப்புகள் புகையை மறுபடி எரிக்கும் வகையில் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கப்படும் விறகு 20 சதவீத ஈரத்துக்குள் இருப்பதாகச் சான்று பெற்றிருக்க வேண்டும். கனடாவின் மான்ட்ரியால் நகரத்தில் 2018 அக்டோபர் முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் வெளியிடும் விறகு அடுப்புகளைப் பயன்படுத்தத் தடை. நீண்ட நேர மின்தடை போன்ற அவசரத்துக்கு மட்டும் விலக்கு.

காய்ந்த விறகு இந்தப் பிரச்சினையை முழுசாகத் தீர்க்குமா? தீர்க்காது. குறைக்கும், அதுவும் கணிசமாக. எரிக்கும் முறையும் முக்கியம். நார்வேயில் இப்போ பரிந்துரைக்கும் முறை மேலிருந்து பற்றவைப்பது: பெரிய துண்டுகள் கீழே, சிராய்த் துண்டுகள் மேலே, தீ மேலிருந்து கீழே இறங்கும். அப்போது கீழ் விறகிலிருந்து வரும் வாயு, மேலே இருக்கும் சுவாலை வழியாகப் போகும்போதே எரிந்துவிடும். காற்றுத் துவாரத்தை மூடி இரவு முழுக்க மந்தமாகப் புகையவிடுவதுதான் ரொம்ப மோசம். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் நெருக்கமான நகரப் பகுதியில், வேறு வழி இருக்கும்போது பற்றவைக்காமல் இருப்பதே நல்லது. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

கடைசியா சில விஷயங்கள்

நம்ம கேட்பவர்களில் பலருக்கு ஆஸ்லோவிலோ டொரன்டோவிலோ அக்கா, மாமா, நண்பர்கள்னு யாராவது இருப்பாங்க. சிலர் அங்கிருந்தே கேட்குறீங்க. விறகு அடுப்புள்ள வீட்டுக்கு முதல் தடவை குடிபோறவங்களுக்கு இதையெல்லாம் சேர்த்துச் சொல்றேன்.

விறகை மொத்தமாக வீட்டுக்குள் கொண்டுவராதீங்க. ரெண்டு மூணு நாளைக்குத் தேவையானது மட்டும் உள்ளே, மீதி வெளியே ரேக்கில். கதகதப்பு பட்டதும் மரத்துக்குள் தூங்கும் பூச்சிகள் எழுந்து வெளியே வரும்.

தூரத்து ஊரிலிருந்து விறகைக் காரில் ஏற்றி வராதீங்க. எமரால்டு ஆஷ் போரர் என்று ஒரு பச்சை வண்டு இருக்கு. ஆசியாவைச் சேர்ந்தது. 2002-ல் அமெரிக்காவின் மிச்சிகனிலும் எதிர்க்கரையில் கனடாவின் ஒன்டாரியோவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. அது பறந்து போன தூரத்தைவிட, மனிதர்கள் விறகோடு ஏற்றிப் போன தூரம் அதிகம். எங்கே வாங்குறீங்களோ, அங்கேயே எரிங்க.

புகைபோக்கியை வருஷத்துக்கு ஒருமுறையாவது ஆள் வைத்துப் பரிசோதிங்க. வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

எல்லாத்தையும்விட முக்கியமானது நாள். இந்தக் குளிர்காலத்துக்கு விறகு வேணும்னா, காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்க. பிளந்து பார்த்து, மீட்டர் குத்தி வாங்குங்க. அடுத்த குளிர்காலத்துக்கான விறகை இந்த வசந்தத்திலேயே அடுக்கிடுங்க. தரையிலிருந்து ஒரு சாண் உயரம், ஒற்றை வரிசை, மேலே மட்டும் கூரை. மீதி வேலையைக் காற்று பார்த்துக்கும்.

விறகு அடுப்போடு வாழ்ந்த அனுபவம் உங்களுக்கு இருந்தா, அது ஊட்டியோ ஆஸ்லோவோ, எழுதி அனுப்புங்க. உங்க பாட்டி ஈர விறகை எப்படிக் காயவைத்தாங்கன்னு கேட்டு எழுதினா இன்னும் சந்தோஷம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.